முப்பத்து மூன்றரை டிகிரி

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நர்ஸ் முதலில் செய்த காரியம், குழந்தையின் மேல் கிடந்த போர்வையை உருவியது.

இரண்டாவது காரியம், குழந்தை கிடந்த பெட்டியின் ஹீட்டரை அணைத்தது.

எதிரில் உட்கார்ந்திருந்த தகப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்து மூன்று மணி நேரம்கூட ஆகாத பெண் குழந்தை, ஒரே ஒரு டயப்பரோடு கண்ணாடிப் பெட்டிக்குள் வெற்றுடம்பாகக் கிடந்தது. வாயில் குழாய். மூச்சை மெஷின்தான் விட்டுக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், குழந்தைக்குக் குளிருமே!"

"குளிரணும்ங்க. அதுக்குத்தான் எடுத்தேன்."

பெற்றவனிடம் சொல்லக்கூடிய பதிலா இது என்று அவளுக்கே சங்கடமாக இருந்தது. பொறுமையாக எடுத்துச் சொன்னாள். மற்றக் குழந்தைகளுக்குக் கதகதப்புத்தான் உயிர். இந்தக் குழந்தையோ பிறந்ததும் அழவில்லை. மூச்சு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகிவிட்டது. காற்றுக்குத் தவித்துப்போன மூளை இனிமேல்தான் வீங்கத் தொடங்கும். ஆறு மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர வைத்தால் அது அடங்க வழியுண்டு. முப்பத்து மூன்றரை டிகிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. போகிற ஆஸ்பத்திரியில் அதற்கென்று மெஷின் இருக்கிறது. அதுவரை அந்த வேலையை நர்ஸ்தான் பார்க்க வேண்டும்.

அவன் தலையைத் தலையை ஆட்டினான். ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

திரும்பி ஓட்டுநரிடம் பாய்ந்தான். மிதிக்கச் சொல்லிக் கத்தினான். ஓட்டுநருக்கு ஆஸ்பத்திரியில் ஆமை என்று பெயர். வண்டி குலுங்கினால் குழாய் நழுவிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னதிலிருந்து, பின்னால் உலகமே ஹாரன் அடித்தாலும் மனிதர் அசைந்து கொடுக்க மாட்டார்.

நடுப்பகல் வெயில் ஜன்னலில் அடித்தது. உள்ளே குழந்தையின் பாதங்கள் நீலம் பாரித்திருந்தன.

ஆராய்ச்சி சொல்வதை நர்ஸ் வரி விடாமல் படித்திருக்கிறாள். ஏழு குழந்தைகளைக் குளிர வைத்தால், கூடுதலாக ஒன்று நல்லபடியாகத் தேறும். ஏழில் ஒன்று! அந்த ஒன்று இதுதான் என்று எந்தக் கட்டுரையும் எழுதிக் கொடுக்காது.

உடம்புச் சூட்டைக் காட்டும் திரையில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது.

பதறிப்போய் மெல்லிய துணி ஒன்றை எடுத்துப் போர்த்தினாள். முப்பத்து மூன்றுக்குக் கீழே போனால் இதயம் தடுமாறும்.

தகப்பன் முகத்தில் உயிர் வந்தது. அவளை இரண்டு கையாலும் கும்பிட்டான்.

கால் மணி நேரம்தான். எண் முப்பத்து நான்கை எட்டிப் பார்த்தது. நர்ஸ் துணியை எடுத்துவிட்டாள்.

அவன் எழுந்தான். தலை கூரையில் இடித்ததுகூட உறைக்காமல் சட்டையைக் கழற்றினான். பெட்டியைத் திறக்கப் போனவனை அவள் குறுக்கே விழுந்து தடுத்தாள். ஓடுகிற வண்டியில் இரண்டு பெரியவர்கள் ஒரு சட்டைக்காக மல்லுக்கட்டினார்கள். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

"நீங்கள்லாம் ஒரு பொம்பளையா? உங்க பிள்ளையா இருந்தா இப்படி விறைக்க விறைக்கப் போட்டு வைப்பீங்களா?"

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. இந்த வண்டியில் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. இன்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வைக்கலைங்க. என் பொண்ணும் பிறந்ததும் அழலை. இதே வண்டியிலதான் போனா. ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தேன். கூடப் போன நர்ஸ் என் சிநேகிதி. சூட்டை நல்லா ஏத்தி வை, ரெண்டு போர்வையாப் போடுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். நானும் நர்ஸுதானே, தெரியும்னு நினைச்சேன். குளிர வைக்கணும்னு அடுத்த வருஷம்தான் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தாங்க."

அவன் பிடி தளர்ந்தது. சட்டை அவள் கையோடு வந்துவிட்டது.

உட்கார்ந்து, அவன் மெதுவாகக் கேட்டான்.

"இப்ப எப்படி இருக்கா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒன்பது வயசாகுது. இன்னும் கழுத்து நிக்கலை."