மக்கர் பண்ணிய மடக்குக் கத்தி

ஒரு சமையலறையில் மடக்குக் கத்தி ஒன்று இருந்தது. திறந்தால் கரகரக்கும், மூடினால் பாதியில் நிற்கும். நாளைக்கும் மக்கர் பண்ணினால் பழைய இரும்புக்காரனுக்குத்தான் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். கத்தி பதறிப்போய்த் தேங்காய் எண்ணெய்ப் புட்டியிடம் ஓடியது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணே."

புட்டிக்கென்ன, தாராளமாக ஊற்றியது. ஏற்கெனவே வீட்டுக்காரி ஊற்றியதெல்லாம் பிசினாகி மண்ணைப் பிடித்து வைத்திருந்ததால், கத்தி சுத்தமாக இறுகிப்போனது.

பாத்திரம் கழுவும் தொட்டியோரம் கிடந்த பழைய டூத் பிரஷ் சிரித்தது. "குளிக்காம சென்ட் அடிச்சா ஆச்சா? இடுப்பைக் காட்டு."

"தண்ணி பட்டா துருப்பிடிப்பேனே அக்கா."

"துடைக்காம விட்டாத்தான். வாயை மூடு."

சோப்புத் தண்ணீரில் முங்கி, கத்தியின் கீலுக்குள் புகுந்து தேய்தேய் என்று தேய்த்தது பிரஷ். மண் கறுப்பாக வழிந்தது. பிரஷ்ஷின் முடியெல்லாம் பரட்டையானது. ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டதோடு சரி.

காலையில் வீட்டுக்காரி தொட்டதும் கத்தி வழுக்கிக்கொண்டு திறந்தது. "எல்லாம் தேங்காய் எண்ணெய் மகிமை" என்றாள். புட்டி கூச்சமில்லாமல் நிமிர்ந்து நின்றது.

அவள் நகர்ந்ததும் கத்தி நேரே தொட்டியோரம் போனது.

"அக்கா, தலையைக் குனிங்க. பரட்டையை வெட்டி நேராக்கிவிடறேன்."

பிரஷ் குனிந்தது. "மெதுவா, ராசா. இது தலை, வெண்டைக்காய் இல்லை."