ஏற்றத்தில் கேட்ட கேள்வி

"ஆமா, நீ என்னப்பா வேல பாக்குற?" என்று ஒலிவேரியோவிடம் கேட்டேன். மலைச்சாலையிலேயே செங்குத்தான வளைவாகப் பார்த்துத்தான் கேட்டேன்.

அக்கறையில் கேட்டதாக நினைக்க வேண்டாம்.

போகோதாவின் துணிக்கடைத் தெருவில் பேரம் பேசியே வளர்ந்தவன் நான். எதிராளியைப் பேசவிட்டால் போதும், இறங்கி வந்துவிடுவான். சைக்கிளிலும் அப்படித்தான். மேட்டில் ஏறுகிறவனிடம் அவன் பிழைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். பதில் சொல்ல வாயைத் திறந்தானா, மூச்சு போயிற்று.

பல் டாக்டர் பாச்சோன், நோயாளிகளைப் பற்றிக் கேட்டால் ஒரு வளைவு பின்தங்கிவிடுவார்.

சட்டம் படிக்கும் யேர்சனுக்கு எங்கள் எல்லோரையும்விட வலுவான கால். "ஆய்வுக் கட்டுரைய எப்பப்பா முடிக்கப் போற?" என்று ஒரு வார்த்தை போட்டால், அன்றைக்கு அவன் கண்ணிலேயே பட மாட்டான்.

சைக்கிள் பைத்தியங்களுக்கு வேலையும் படிப்பும் மற்ற ஆறு நாள் அனுபவிக்கிற தண்டனை. ஞாயிற்றுக்கிழமையில் அதை ஞாபகப்படுத்தினால் கால் தானாகத் தளரும்.

அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. மலை உச்சியில் சுங்கச்சாவடியை முதலில் தொடுகிறவன்தான் அடுத்த வருடம் முழுக்க எங்கள் கூட்டத்துக்குத் தலைவன். நாலு வருடமாக அது நான்தான்.

ஒலிவேரியோ மழைக்காலத்தில் வந்து சேர்ந்தவன். அவன் போட்டிருந்த ஜெர்சி, என் கடை வாசலில் குவித்துப் போட்டு விற்கிற ரகம். அது அவன் முதுகில் பட்டு மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மேடு ஏறும்போது அவனுக்கு வியர்க்கக்கூடச் செய்யாது.

போன வாரம் என் மனைவி மிரேயா கேட்டாள், "அந்த ஆளு மேடு ஏறுறாரா, இறங்குறாரா?"

நான் நாக்குத் தள்ளி நிற்கும்போது, என்னிடமே கேட்டாள்.

முன்பெல்லாம் ஞாயிறு என்றால் அவளுக்குத் தூக்கம்தான். இந்த இரண்டு மாதமாகத்தான் வெல்லத் தண்ணீர் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி, காரை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் மேலே வந்து நிற்கிறாள். அவள் கண் எதிரே இன்னொருவனுக்குப் பின்னால் போய்ச் சேர நான் தயாராக இல்லை.

"பூட்டுத் திறக்கிற வேல, முதலாளி," என்றான் ஒலிவேரியோ.

"பூட்டா? விவரமாச் சொல்லேன்."

"சாவியத் தொலச்சவங்க கூப்புடுவாங்க. போன வருஷம் துன்ஹாவுல ஒரு வீடு. ஒங்கள மாதிரியே துணி யாவாரி, செத்துப் போயிட்டாரு. ஆளு ஒசரத்துக்கு இரும்புப் பெட்டி. சாவியக் காணோம்."

அவனுக்கு லேசாக இரைத்தது. அது என் வயிற்றில் பால் வார்த்தது.

"அப்புறம்?"

"மூணு பசங்க. பெரியவன் உள்ள தங்கம்னான். நடுவுலவன் டாலர்னான். சின்னவன் ஒண்ணும் பேசல, பையோட வந்து நின்னான்."

சிரித்துவிட்டேன். மேட்டில் சிரிக்கக் கூடாது.

"சம்சாரம் என்ன சொல்லிச்சு?"

"அந்தம்மா நாற்காலிய இழுத்துப் பெட்டிக்கு நேரா போட்டு உக்காந்துட்டாங்க. அத்தன வருஷம் கூட வாழ்ந்து, ஒரு தடவகூட உள்ள பாத்ததில்லயாம்."

துணி வியாபாரியின் இரும்புப் பெட்டி. உள்ளே என்ன வைத்திருப்பான்? நானாக இருந்தால் என்ன வைப்பேன்? யோசனையில் என் கால் மெதுவாகிக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை. அவன் குரல் வேறு சன்னமாகிக்கொண்டே போனது. கழுத்தை நீட்டிக் கேட்டேன்.

"உள்ளுக்குள்ள டக்குனு ஒரு சத்தம். கைப்பிடியப் புடிச்சு இழுத்தேன்…"

"என்னப்பா இருந்துச்சு?"

ஒலிவேரியோ இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தான். அவ்வளவுதான். வளைவைத் தாண்டிப் போய்விட்டான்.

என் சரக்கையே எனக்கு விற்றுவிட்டான், அதுவும் சொன்ன விலைக்கு. விரட்டினேன். தொண்டையில் இரும்பு வாசனை வருகிற அளவுக்கு விரட்டினேன். தலைமை கைவிட்டுப் போகிறதே என்ற எரிச்சல் ஒரு பக்கம், அந்தப் பெட்டி ஒரு பக்கம்.

சுங்கச்சாவடியில் நான் போய் நின்றபோது அவன் வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே காத்திருந்த எங்கள் கூட்டத்துக் குடும்பங்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு சைக்கிளை விட்டு இறங்கவே விடவில்லை.

"நாலு வருஷமா ஒரே மூஞ்சியப் பாத்து அலுத்துப்போச்சு!" என்று பாச்சோனின் மனைவி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள்.

மிரேயா அந்தக் கூட்டத்தில் இல்லை. தள்ளி, கார் பக்கத்தில் நின்று, எங்கள் ஊர் வழக்கப்படி வெல்லத் தண்ணீரில் போடப் பாலாடைக்கட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒலிவேரியோ இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் பாதித் தோல்வி மறந்துவிட்டது.

"அவன் காலால ஜெயிக்கல, மிரேயா. வாயால ஜெயிச்சுட்டான்," என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டே. "எமகாதகன். துன்ஹாவுல யாரோ துணி யாவாரியாம், செத்துட்டானாம், இரும்புப் பெட்டியத் தெறக்க இவன் போனானாம். உள்ள என்னன்னு சொல்லாமலே ஓடிட்டான்."

"வேற ஒரு வீட்டுச் சாவி," என்றாள் மிரேயா.

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நறுக்கியது.

வெல்லத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டுக் கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"குடிங்க. ஆறிடும்."