பொம்மையிடம் ஒரு வார்த்தை

கண்டக்டரக்கா பரீட்சை நேரத்தில் பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா, கை ஜில்லுன்னு இருக்கும். இப்பதான் கழுவிட்டு வர்றேன்."

தங்கள் முறையை முடித்துவிட்டுச் சுவரோரம் நின்றிருந்த பதினோரு பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

கட்டிலில் கிடந்தது ஆளுயர ரப்பர் பொம்மை. அதைப் பக்கவாதம் வந்து எழுந்திருக்க முடியாத ஓர் அம்மா என்று வைத்துக்கொள்ள வேண்டும். கட்டிலை விட்டு இறக்காமல், அவர் படுத்திருக்கும்போதே அடியிலிருக்கும் விரிப்பை மாற்ற வேண்டும். பதினைந்து நிமிடம். நர்சிங் உதவியாளர் செய்முறைத் தேர்வு அவ்வளவுதான்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கான வகுப்பு அது. பாடமெல்லாம் செல்போனில், பயிற்சி மட்டும் ஞாயிறுதோறும் இந்த ஆஸ்பத்திரியில். தையல்காரர், ஓட்டல் கல்லாவில் உட்காருகிறவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா என்று வகுப்பே ஒரு கதம்பம். கண்டக்டரக்கா, பஸ் கடைசி ஸ்டாப்பில் நிற்கும் இருபது நிமிடங்களைச் சேர்த்துச் சேர்த்தே ஒரு வருடப் பாடத்தையும் முடித்தவர்.

டிக்கெட் கொடுக்க மெஷின் வந்துவிட்டது. அக்காவின் வேலை இந்த மாதத்தோடு சரி. ஆனால் இங்கே தேறினால் ஒன்றாம் தேதியே வேலை. ஆள் இல்லாமல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி பூட்டியே கிடந்தது.

தேறாவிட்டால்? பயம் வந்தால் அக்காவுக்கு வாய் இன்னும் கூடும்.

"அம்மா, இப்ப லெஃப்ட்ல திரும்பப் போறோம், சரியா? நல்லா இருக்கிற கையால கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கோங்க. பிடிச்சாச்சா? போலாம் ரைட்!"

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, விசில் அடிக்க மறந்துட்டீங்க!" என்றாள் ராங்க். எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் முதலிடம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். செய்முறையையும் எட்டே நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தேர்வு நடத்தும் பெரிய சிஸ்டர். அவர் பல்லைப் பார்த்தவர் அந்த ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் மட்டும்தான் என்று ஒரு பேச்சு உண்டு.

மணி அடித்தது. விரிப்பில் பாதி இன்னும் பாக்கி.

"கொஞ்சம் பொறுங்க மேடம். அந்தப் பக்கம் சுருக்கமா இருக்கு, அவங்க முதுகுல குத்தும்."

நான்கு நிமிடம் தாண்டித்தான் அக்கா முடித்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்தும் நின்றார். பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராங்க் கையைத் தூக்கினாள். "மேடம், அக்கா மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? நாலு நிமிஷம் கூட ஆகியிருக்கு."

"கரெக்ட். ரூல்படிதான் மார்க்" என்றார் பெரிய சிஸ்டர்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "பழக்க தோஷம் மேடம். பதினாறு வருஷமா பஸ்ல தூங்குறவங்களைக்கூட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் தொட்டு எழுப்புவேன். இது பொம்மைன்னு தெரியும். இருந்தாலும் படுத்திருக்கிறதைப் பாத்ததும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது."

பெரிய சிஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் தாளைப் படித்தார். "நேரம் தாண்டினா அஞ்சு மார்க் குறைக்கணும். குறைச்சாச்சு."

ராங்க் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"இப்ப முதல் வரிக்கு வருவோம். தொடுறதுக்கு முன்னாடி, என்ன செய்யப் போறோம்னு நோயாளிகிட்ட சொல்லி, சரியான்னு கேக்கணும். கேக்கலைன்னா மத்ததை எவ்வளவு அழகா செஞ்சாலும் ஃபெயில். உங்க முதல் பாடமே இதுதான்."

தையல்காரர் தரையிலிருந்து மெதுவாக எழுந்தார்.

"மேடம், அது பொம்மைதானே..." என்று இழுத்தாள் ராங்க்.

"தலையணையைப் புரட்டுற மாதிரி புரட்டினியே, அப்பவே தெரிஞ்சுது."

"அப்ப நாங்க பதினோரு பேருமே...?"

"ஃபெயில்."

அக்காவுக்குத் தான் தேறியது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், பதறிப்போனார்.

"ஐயோ மேடம், அப்படிச் சொல்லாதீங்க! அவ்வளவு பெரிய மாடியில நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? பாவம், வெக்கத்துல பேசாம விட்டுட்டாங்க. எல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைங்க. இன்னொரு சான்ஸ் குடுங்க மேடம்!"

பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவ்வளவு நேரம் இவரைப் பார்த்தா சிரித்தோம் என்று இருந்தது.

பெரிய சிஸ்டர் தாளை மடித்தார். அவர் பல் முதல்முறையாக வெளியே தெரிந்தது.

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை மறுதேர்வு. அதுவரைக்கும் பாடத்தைத் திறக்க வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் இவங்க பஸ்ல போயிட்டு வாங்க. மனுஷங்களை எப்படிப் பாத்துக்கிறாங்கன்னு பாத்து எழுதிட்டு வாங்க, போதும்."

ராங்க் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு?"