தாரியோவின் மகன்

இத்தாலியின் சிறுநகரக் கால்பந்து அணியொன்றில் தடுப்பாட்டக்காரனாக இருந்த செவரீனோவின் முழங்காலை, எதிரணியின் தாரியோ வேண்டுமென்றே உதைத்து முறித்தான். தாரியோ கோல் மேல் கோல் போட்டுப் பேர்வாங்கினான். அத்தோடு ஆட்டம் முடிந்துபோன செவரீனோ சிறுவர்களுக்குப் பயிற்சியாளரானான். வருடங்கள் கழித்து, தாரியோவின் மகன் லூக்கா அவனிடமே பயிற்சிக்கு வந்தான். செவரீனோ அவன் கால்களையே வெகுநேரம் பார்த்தான். பிறகு அவனைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தினான்.

தாரியோ பதறி வந்தான். "எம்பையன் கோல் போடப் பொறந்தவன். முன்னால ஆட விடுங்க."

"அவனையே கேளுங்க."

"எனக்கு இதுதாம்ப்பா புடிச்சிருக்கு," என்றான் லூக்கா.

அப்பாக்களும் பிள்ளைகளும் மோதிய ஆட்டத்தில், பாய்ந்து வந்த தாரியோவிடமிருந்து லூக்கா பந்தைச் சுத்தமாகப் பறித்தான். தாரியோ புல்லில் குப்புற விழுந்தான்.

"சரியா எடுத்தேனா, கோச்?" என்று கத்தினான் லூக்கா.

செவரீனோ தாரியோவின் முகத்தை ஆசைதீரப் பார்த்தான். "சரிதான். அவரு எந்திரிச்சு வரட்டும். திரும்பவும் எடு."