முடக்கு வரைக்கும்

"வாயைத் திறந்து ஒருக்காக் கேளுமன் ஐசே. கேட்டா என்ன, தலையை வாங்கிப்போடுவினமோ?"

நிருபன் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். தகுமி முந்திய மாலை வீட்டுக்குள் நுழைந்தபோதே தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த சப்பாத்துகளுக்குள் நிதானமாகக் கால்களை நுழைத்தான்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க ஜப்பானிலிருந்தே பதுளைக்கு வந்தவன் தகுமி. ஒரு வருடமாகப் பக்கத்து ஊரான ஹாலிஎலயில் ஜெயரூபன் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தான். தமிழையும் அந்த வீட்டு மனிதர்களிடமே கற்றுக்கொண்டான். நிருபன், தகுமி கற்பிக்கும் பயிற்சி நிலையத்தின் அலுவலகத்துக்கு அண்மையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவன். ஊர் திரும்பும் நண்பனை வழியனுப்ப வந்த இடத்தில்தான் தகுமியின் மனதில் இருப்பது யாரென்று அறிந்தான். ஜெயரூபனின் தங்கை தனுஜா.

"கேட்டா, அவங்க முடியாதுன்னு சொல்ல வேண்டி வரலாம். அந்தச் சங்கடத்த ஒருத்தருக்குக் குடுக்கக் கூடாது. எங்க ஊர்ல கேக்க மாட்டோம். பாத்துப் புரிஞ்சுக்குவோம்" என்றான் தகுமி.

"எதைப் பாத்து?"

"நம்ம வீட்டுல இருந்து ஒருத்தர் கெளம்பினா வாசலுக்கு வருவோம். அவர் கண்ணுக்கு மறையுற வரைக்கும் நிப்போம். போறவரும் முடக்குல நின்னு, திரும்பிக் குனிவாரு. பிரியம் இருந்தா உடனே உள்ள போக மனசு வராது."

சாலை வளைகிற முடக்கில் தகுமி தினமும் காலையில் நின்று, வீட்டுப் பக்கம் திரும்பி இடுப்பு மடியக் குனிவதை வகுப்புப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நிருபனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். அந்தச் சிரிப்பு இப்போது அவனுக்கே கசந்தது.

"அவ எத்தின நாள் வந்து நிண்டவ?"

"ஒரு நாளும் இல்ல. சாயங்காலம் தேத்தண்ணி குடுப்பாங்க. பிழையாப் பேசுனா சிரிச்சுக்கிட்டே திருத்துவாங்க. காலையில நான் கெளம்புற நேரம் மட்டும் உள்ள போயிருவாங்க."

"ஏனெண்டு தமையனிட்டயாவது விசாரிச்சனீரோ?"

"அடுத்தவங்க வீட்டு விசயத்தத் துருவுறது மரியாத இல்ல." தகுமி பையைத் தோளில் மாட்டினான். "இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்லிக் கொழும்பு ஆபீஸ்ல கேக்குறாங்க. ரயில் ஏறுறதுக்குள்ள பதில் சொல்லணும். இன்னைக்கு அவங்க வாசலுக்கு வந்தா, இருக்கேன்னு சொல்லிருவேன்."

ஜெயரூபனின் மனைவி பாக்கியலெட்சுமி ரொட்டிப் பார்சலோடு வந்தாள். தகுமி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் குனிந்தான்.

"பால்காரருக்கும் குனியிறீங்க, பஸ் கண்டக்டருக்கும் குனியிறீங்க. ஒங்க ஊர்ல முதுகு வலிக்கு நல்ல மருந்து இருக்கும்போல தம்பி" என்று சிரித்தவள், அடுத்த கணமே முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டாள்.

"தனுஜாகிட்ட சொல்லிட்டுப் போகணும் அக்கா."

"அவ உள்ள வேலையா இருக்கா."

அதற்குள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "கவனமா போயிட்டு வாங்க."

நிருபனால் பொறுக்க முடியவில்லை. "தங்கச்சி, ஒருக்கா வெளியில வாங்கோவன்" என்றான்.

"இருக்கட்டுங்க சார்."

வெளியே ஜெயரூபன் ஆட்டோவை முடுக்கினான். "ஏறுங்க மாஸ்டர், ரயில்காரன் நம்ம மாமன் இல்ல, காத்துக்கிட்டு நிக்க."

ஆட்டோ முடக்கில் நின்றது. தகுமி இறங்கி வீட்டைப் பார்த்தான். வாசலில் நிருபனும் பாக்கியலெட்சுமியும் மட்டுமே நின்றார்கள். தகுமி சற்று நேரம் நிமிர்ந்தபடியே இருந்தான். பிறகு, என்றைக்கும் இல்லாத அளவுக்குக் குனிந்தான். ஆட்டோ மறைந்த பின் தேயிலைச் சரிவும் வெறும் சாலையும் எஞ்சின.

சிறிது நேரத்தில் நிருபனின் கைபேசி அதிர்ந்தது. தகுமியின் செய்தி. "முடியாது என்று கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். என் இடத்துக்கு வேறொருவர் வருவார். அந்த வீட்டில் எல்லோருக்கும் என் நன்றி."

அதைப் படித்து முடிக்கும்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. தனுஜா ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்து முடக்கைப் பார்த்தாள்.

"எறங்கி நின்னாரா சார்?"

அந்தக் கேள்வி நிருபனுக்குச் சுருக்கென்றது. "நிண்டவன். உங்களுக்காகத்தான் நிண்டவன். நீங்கள் ஒரு நிமிசம் இந்த வாசலுக்கு வந்திருந்தா அவன் போயிருக்கவே மாட்டான். இப்ப எல்லாம் முடிஞ்சுது. அந்த மனுசனில அவ்வளவு வெறுப்போ?"

தனுஜா தலையை மெல்ல ஆட்டி மறுத்தாள். பாக்கியலெட்சுமி அவள் தோளைத் தொட வந்து, தொடாமலே கையை இழுத்துக்கொண்டாள்.

"புருசன் செத்தவ முன்னுக்கு வந்து நின்னா, போற பயணம் வெளங்காதுன்னு சொல்லுவாங்க சார்" என்றாள் தனுஜா. "எனக்கு அதுல பெருசா நம்பிக்க இல்ல, போறது வேற யாராவதுன்னா தைரியமா வந்து நின்னிருப்பேன்."