இரண்டாம் பொத்தான்

பழைய வண்டிதான். ஆனாலும் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே பரணி அதை எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"பின்னாடி பாரு, புள்ளைங்க, பெட்டி, சைக்கிள் எல்லாம் ஏத்தலாம். ஆனா எஞ்சின் ரேஸ் வண்டியோடதுடி" என்றான்.

முன்பு ஒரு பெண்தான் அதை ஓட்டினாள் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் உட்காரும் விதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுமாம். முதலாவதில் பரணி தன்னுடையதைப் பதிந்துவிட்டான். நான் ஏறி இரண்டாவதை அழுத்தினேன். இருக்கை மெல்ல முனகியபடி பின்னால் நகர்ந்து, சாய்ந்து, என்னை முழுக்கப் படுக்க வைத்துவிட்டது.

பரணி சிரித்தான். "இவ்ளோ வேகமான வண்டிய வச்சுக்கிட்டு அந்தம்மா இதுல தூங்கியிருக்கு பாரேன். அத அழிச்சிட்டு உன்னோடத வை." சாவியைக் கொடுத்துவிட்டு லிஃப்டில் மேலே போனான்.

நான் எழவில்லை. என்றோ ஒருநாள் அசதியில் சாய்பவள் அதைப் பதிந்துவைக்க மாட்டாள். தலைக்கு மேல், கைக்கெட்டும் தூரத்தில், கூரைத் துணி விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. எங்கள் முந்தைய காரிலும் வீடு வந்த பிறகு நான் வெகுநேரம் இறங்காமல் இருப்பேன். பரணியிடம் டிராஃபிக் என்பேன்.

கைபேசி அடித்தது.

"என்னடி, வச்சிட்டியா?"

"ம்."

"சரியா இருக்கா?"

"எனக்குன்னே வச்ச மாதிரி இருக்குங்க" என்றேன். என் விரல் அந்தத் தேய்ந்த இடத்தில் இருந்தது.