பார்வைத் தூரம் ஏழு மைல்

“‘2023 செப்டம்பர் 14, காலை 6 மணி. காற்று தென்கிழக்கு, மென்மை. வானம் தெளிவு. பார்வைத் தூரம் ஏழு மைல்.’ கப்பல் குறிப்பேட்டுல இத எழுதுனது நீங்கதானே, கேப்டன்?”

“நான்தான் ஐயா” என்றார் சிலுவை.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், விசாரணை அதிகாரி நயினார் குறிப்பேட்டை மூடி வைத்தார். பதினேழு மாதங்கள் இழுத்த விசாரணையின் கடைசி அமர்வு அது. முந்தைய அதிகாரிகள் இருவர் மாற்றலாகிப் போக, சென்ற வாரம்தான் கோப்பு அவரிடம் வந்திருந்தது. தட்டச்சான தீர்ப்பு மேசைமேல் கையொப்பத்துக்குக் காத்திருந்தது.

நடந்ததைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. சுமத்திராவில் நிலக்கரி ஏற்றித் திரும்பிய சிறிய சரக்குக் கப்பலிலிருந்து, அத்தீவின் கரைக்கு எண்பது மைல் மேற்கே, காலை ஆறு மணிக்குச் சற்று முன் மாலுமி ஒருவன் கடலில் விழுந்தான். கேப்டன் சிலுவை கப்பலைத் திருப்பிப் பதினோரு மணி நேரம் தேடினார். மாலை ஐந்து மணிக்குத் தேடலை நிறுத்திவிட்டு ஊர் நோக்கிப் புறப்பட்டார். உடலும் கிடைக்கவில்லை. கோப்பு முழுவதிலும் அவன் ‘மாலுமி எண் ஒன்பது’ என்றே இருந்தான்.

குற்றச்சாட்டு எளியது. ஏழு மைல் தெரிகிற கடலில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை அணிந்தவனைப் பகல் முழுவதும் தேடியும் காணவில்லை என்றால், தேடியவர் ஒழுங்காகத் தேடவில்லை. அது உறுதியானால் சிலுவையின் கேப்டன் சான்றிதழ் ரத்தாகும். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு வேறு தொழில் தெரியாது.

ஏழு மைல் தெரிந்திருக்க முடியாது என்று காட்ட, அவருடைய வழக்கறிஞர் பிரேமா மூன்று செயற்கைக்கோள் படங்களை வரவழைத்திருந்தார். முதல் படத்தில் சுமத்திராவின் காடுகளில் சிவப்புப் புள்ளிகள், தீ. இரண்டாவதில் அவற்றிலிருந்து கிளம்பிய புகை. மூன்றாவது செப்டம்பர் 14 அன்று எடுத்தது. அந்த நாட்டின் எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டைக் கடந்து, கடலின்மேல் வடமேற்காகச் சாம்பல் நிறத்தில் புகை நீண்டு கிடந்தது. அதற்குள் பிரேமா பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். அது கப்பல் நின்ற இடம்.

“அண்ணாச்சி, அரை மைல்கூடத் தெரிஞ்சிருக்காது. பன்னிரண்டு மைல் தள்ளிப் போன கப்பல்லயும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. நீங்க ஒத்துக்கிட்டா முடிஞ்சுது.”

“புகை இல்லம்மா.”

நயினார் பொறுமையாக விளக்கினார். கரையோ வேறு கப்பலோ கண்ணில் படாத இடத்தில் தூரத்தை மதிப்பிட அடையாளம் ஏதுமில்லை. நீரும் புகையும் வானும் ஒரே நிறமாகிவிட்டால், நடுவில் நிற்பவருக்கு அது வெறுங்கடலாகவே தோன்றும். எட்டு நாள் சரக்கேற்றக் காத்துக் கிடந்ததில் புகை வாடையும் மூக்குக்குப் பழகியிருக்கும். எந்தக் கேப்டனுக்கும் நேரக்கூடிய பிழைதான் என்றார்.

சிலுவை படத்தைத் தொடவில்லை. “அது எங்கயோ மேல இருந்து எடுத்தது. அங்கன நின்னவன் நான் சொல்லுதேன். பைனாகுலர கண்ணுல இருந்து எடுக்கல. நாலு திக்கும் காலியா இருந்துச்சு. சட்டை கழண்டு, விழுந்த ஒடனே போயிருப்பான். அவன் அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். கஷ்டப்படலன்னு.”

சட்டையின் வார்களைத் தானே இறுக்கிவிட்டதாக உடன் பணியாற்றிய ஜாபேஸ் வாக்குமூலம் தந்திருப்பதை நயினார் நினைவூட்டினார். அந்தச் சட்டை ஓர் ஆளை ஒன்றரை நாள் மிதக்கவைக்கும் என்றும் சொன்னார்.

மூடியிருந்த குறிப்பேட்டைச் சிலுவை நயினார் பக்கம் நகர்த்தினார். பிறகு, “சர்ட்டிபிகேட்ட எடுத்துக்கிடுங்க ஐயா. கடல் தெளிவா இருந்துச்சு, அங்கன ஆள் இல்லன்னு மட்டும் எழுதிக் குடுங்க” என்றார்.

“இருபது வருஷ சர்வீஸ்ல, தண்டனை குடுங்கன்னு வாதாடுத ஆள இப்பத்தான் பாக்கேன்” என்றார் நயினார். பிரேமா சிரிக்கவில்லை.

எழுதிய குறிப்பைத் திருத்த மறுக்கும் கேப்டன்களை நயினார் நிறையப் பார்த்திருந்தார். அந்த வீம்புக்காக ஒருவரின் பிழைப்பைப் பறிக்க அவருக்கு விருப்பமில்லை. கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். முடிவை மட்டும் வாசித்தார்.

“‘மாலுமி எண் ஒன்பது, தேடல் நிறுத்தப்பட்ட வேளையில் அதே பகுதியில் உயிருடன் மிதந்திருக்க வாய்ப்பு மிகுதி. எல்லை கடந்து வந்த காட்டுத்தீப் புகை மறைத்ததால் அவரைக் காண இயலவில்லை. கேப்டன் மீது குற்றமில்லை.’”

பிரேமா சிலுவையின் தோளைத் தொட்டார். சிலுவை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வெயில் தெளிவாக இருந்தது; தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

“அப்பம் நான் கப்பலத் திருப்பும்போது அவன் அங்கனதான் கெடந்திருக்கான்.”

சிலுவை கையொப்பமான தீர்ப்பைச் சுட்டிக்காட்டினார்.

“இந்தத் தாளு என் கையோட நிக்கும்லா ஐயா?”

“இல்ல கேப்டன். இறந்தவரோட தாயாருக்கும் ஒரு நகல் குடுத்தாகணும். அது விதி.”

எழுத்தர் காலையிலேயே முகவரி எழுதிவைத்த உறைகள் இரண்டில் தீர்ப்பின் நகல்களை வைத்து மூடி, முதல் உறையைச் சிலுவையிடம் நீட்டிய நயினார், தபாலில் சேர்க்க இரண்டாவதை எடுத்தபோதுதான் அதன் மேலிருந்ததைப் படித்தார்: மெட்டில்டா, கணவர் பெயர் சிலுவை, கதவு எண்ணும் தெருவும் முதல் உறையில் இருந்தவையே.